ஔந்தில் பெய்த மஞ்சள் தூறல்

என் தங்கை சுமதியை ஊருக்குக் கூட்டி வருவதற்காக நான் புனே போன வருடம் 2001-ஆ 2002-ஆ என்று சரியாக நினைவில்லை. பங்குனி மாதம். அங்கே வண்ணப்பொடி பூசி விளையாடும் பண்டிகை முடிந்த வாரம்.

அவள் கணவர் செல்வராஜ் என் பட்டறைக்குப் போன் செய்திருந்தார். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, கை நிறைய வார்னிஷோடு ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். "சுமதிக்கு மனசு சரியில்லீங்க மச்சான். இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுங்கறா. நீங்க வந்து கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். டாக்டரிடம் காட்டியாயிற்று, மாத்திரை சாப்பிடுகிறாள் என்றும் சொன்னார். ஒன்பது வயது மகள் கீர்த்தனாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

கோயம்புத்தூரில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவது என் தொழில். இரைச்சலைக் கேட்டுத்தான் இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் அழுத்தினால், பேரிங் போயிருக்கிறதா, ரோட்டர் உரசுகிறதா என்று சொல்லிவிடுவேன். புனேவுக்குக் கிளம்பும்போது அதையும் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். எங்கே போனாலும் அது பையில் இருக்கும்.

குண்டக்கல் தாண்டியதும் பெட்டியில் தமிழ் நின்றுபோனது. சோலாப்பூரில் ஏறிய ஓர் அம்மாள் துணி முடிச்சை அவிழ்த்து, சோள ரொட்டியில் வேர்க்கடலைப் பொடியைத் தூவி, கேட்காமலே என் கையில் ஒன்றை வைத்தார். எங்கள் பக்கத்துச் சோளச் சோற்றைவிட நன்றாகத்தான் இருந்தது. எங்கே போகிறேன் என்று விசாரித்தார். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றேன். இன்னொரு ரொட்டி கொடுத்தார். தவுண்ட் சந்திப்பில் வண்டி எதற்கென்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம் நின்றது.

புனே ஸ்டேஷனுக்கு வெளியே, ஆறு பேர் உட்காரும் பெரிய ஆட்டோவைச் சிக்ஸ் சீட்டர் என்கிறார்கள். நாங்கள் பதினோரு பேர் இருந்தோம். என் பெட்டி முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரரின் மடியில் பயணம் செய்தது. பாதிப் பேருடைய காதோரத்தில் இன்னும் போகாத பச்சையும் மஞ்சளும். பல்கலைக்கழகத்தை ஒட்டிய சாலையில் வண்டி இருமிவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி என்னவோ பார்த்தார், எல்லோரையும் பார்த்துக் கையை விரித்தார். யாரும் சண்டை போடவில்லை. எங்கள் ஊராக இருந்தால் அரை மணி நேரம் அதற்கே ஆகியிருக்கும். மிச்சத் தூரத்தை ஆலமர நிழலில் நடந்தே கடந்தேன்.

ஔந்த் என்ற அந்தப் பகுதியில் அவர்கள் இருந்தது நான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. சுமதி வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவளை ஒரு விநாடி எனக்கு அடையாளம் தெரியவில்லை. முப்பத்து நான்கு வயது அவளுக்கு. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே மை தீற்றியது போல இருந்தது. "வாங்கண்ணா" என்ற குரல் மட்டும் பழையதாக இருந்தது.

கடலையும் எலுமிச்சையும் போட்டுத் தாளித்த அவல் கொடுத்தாள். உப்பில்லை. சொல்லாமல் சாப்பிட்டேன். மத்தியானம் படுக்கையறையில் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, இந்த ரூம்ல உங்களுக்கு எதாச்சும் கேக்குதுங்களா?"

ஒன்றரை நாள் ரயிலில் கிடந்த காது. உள்ளே இன்னும் தண்டவாளம் ஓடிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் கேக்கலையே கண்ணு" என்றேன். அவள் சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் நானும் அந்தப் பக்கம் போய்விட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டது முதுகிலேயே தெரிந்தது.

செல்வராஜ் சாகணில் கார்த் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறார். புனே வந்து பதினோரு வருடம். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி மாலையில் திரும்புவார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். அன்று மாலை என்னை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்க்கும் குரலில் ரகசியம் சொன்னார். தீபாவளி கழிந்து சில நாளிலிருந்து இப்படி இருக்கிறாளாம். சுவருக்குள் ஏதோ முனகுகிறது என்கிறாளாம். "நானும் நாலஞ்சு மாசமா அதே ரூம்லதானே படுக்கறேன்? எனக்குக் கேக்கலியே" என்றார். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் படிக்கட்டுக் கைப்பிடியைப் பார்த்தே பேசினார். மனைவியைப் பற்றி மச்சானிடம் சொல்லும் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கட்டடத்தின் பின்பக்கம், மேல்வீட்டுப் பால்கனியைத் தாண்டி வெளியே நீண்டிருந்த பால்கனியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வேலி போட்ட காலி மனை, அதற்கப்பால் ஒரு சாக்கடை ஓடை, ஓடைக்கரையில் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்ற இலவ மரங்கள். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. பள்ளியிலிருந்து வந்த கீர்த்தனா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தமிழ் அவளுக்கு யோசித்து யோசித்துத்தான் வரும். "மாமா, உள்ள வா. பீலா மழை வர்ற டைம்."

பீலா என்றால் மஞ்சள். சொல்லி முடிப்பதற்குள் பால்கனிக் கொடியில் கிடந்த வெள்ளைப் பனியனில் ஒரு பொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் டிக், டிக் என்று மெல்லிய சத்தம். என் புறங்கையில் ஒன்று விழுந்தது. குளிர்ச்சியாக இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டால் களிம்பு மாதிரி வழுக்கியது. மேலே பார்த்தேன், நீலம் மட்டும்தான். ஐந்து நிமிடம் அப்படியே தூறிவிட்டு நின்றது.

முன்பக்கத் தெருவில் விழுவதில்லை, பின்பக்கம் மட்டும்தான் என்றாள் சுமதி. இரண்டு மாதமாக வெயில் இருக்கும் நாளெல்லாம் விழுகிறதாம். வண்ணப்பொடி மிச்சம் காற்றில் வருகிறது என்பது வாட்ச்மேன் கட்சி. ஏதோ ஃபாக்டரியின் ஆசிட் புகை என்று சிலர். தரைத்தள வீட்டுப் பெண்மணி யாரோ மஞ்சள் நீர் தெளித்து ஏவல் வைக்கிறார்கள் என்று வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார். சுமதி அலமாரியிலிருந்து பழைய காலண்டர் தாள்களை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் காய்ந்த மஞ்சள் பொட்டுகள். பால்கனியில் விரித்து வைத்துப் பிடித்திருக்கிறாள். "சத்தத்தத்தான் யாருக்கும் காட்ட முடியலீங்ணா. இதையாச்சும் காட்டலாம்னு எடுத்து வெச்சேன்" என்றாள்.

வியாழக்கிழமை அங்கே மராமத்துக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதைச் சுமதி சொல்லவில்லை. பத்து மணிக்கு மின்விசிறி மெதுவாகிச் சுற்றி நின்றதும்தான் தெரிந்தது. ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கலோடு அடங்கியது. கீழே தண்ணீர்த் தொட்டி மோட்டார், பக்கத்து வீட்டு மிக்சி, எதிர்க் கடையின் மாவு மில், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. என் தொழிலில் இருப்பவனுக்கு இந்த மாதிரி அமைதி கிடைப்பது அபூர்வம். பாயில் உட்கார்ந்தபடி அதை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேட்டது.

கேட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. பல்லின் அடியில், தாடையில் தெரிந்தது. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையைப் படுக்கையறைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தேன். ம்ம்ம் என்று ஒரு முனகல். நூறு பேர் வாயை மூடிக்கொண்டு ஒரே ஸ்வரத்தைப் பிடித்தது போல. மோட்டார் என்றால் ஒரே சீராக இருக்கும். இது ஏறியது, தாழ்ந்தது, சட்டென்று சில விநாடி உயர்ந்து அடங்கியது. கரண்ட் இல்லாத கட்டடத்தில், செங்கல்லுக்கு உள்ளே, உயிருள்ள எதுவோ மூச்சு விடுவது போலிருந்தது.

சுமதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு, "கேக்குது கண்ணு" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுது முடித்ததும் எழுந்துபோய் அரிசிம்பருப்புச் சாதம் செய்தாள். உப்பு சரியாக இருந்தது.

மத்தியானம் வெளியே இறங்கிக் காலி மனைக்குப் போய், கட்டடத்தின் பின்முகத்தைப் பார்த்தேன். நான்காவது மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் அமெரிக்காவில் என்று சுமதி சொல்லியிருந்தாள். அந்தப் பால்கனியை மட்டும் பழுப்புக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு கண்ணாடி ஒரு முழம் விலகியிருந்தது. உள்ளே கறுப்புத் திரை தொங்கியது. லேசாக அசைந்தது. இதில் ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, சுமதியின் காலண்டர் தாள் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வாங்கும் தேன் பாட்டிலில் ஒரு தேனீ வளர்ப்புப் பயிற்சி நிலையத்தின் முகவரி இருந்தது. பூச்சி, பூ, மஞ்சள் என்று எதைக் கேட்டாலும் அங்கேதான் சொல்வார்கள் என்று தோன்றியது. அங்கே போவதற்குள் ஊரில் பாதியைப் பார்த்துவிட்டேன். புனேவில் பஸ்ஸின் எண்ணையும் மராத்தி எழுத்தில்தான் போடுகிறார்கள். எனக்கு அந்த எண்கள் எல்லாம் ஒரே கொக்கி. ஏறி உட்கார்ந்த பஸ் நேர் எதிர்த்திசையில் போய் ஹடப்சரில் இறக்கிவிட்டது. அங்கே பசிக்கு மிசல் என்று ஒன்று வாங்கினேன். முளைகட்டிய பயறு, மேலே மிக்சர், சிவப்பாக ஒரு குழம்பு. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர் தன் தயிரை என் தட்டில் கவிழ்த்துவிட்டு, பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

நிலையத்தில் என்னைப் பார்த்தவர் ஷிண்டே என்ற நடுவயது அம்மாள். என் இந்தியும் அவருடைய இந்தியும் ஒரு மாதிரி ஒத்துப்போனது. மஞ்சள் பொட்டைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளி, என்னைப் பார்க்கச் சொன்னார்.

உருண்டை உருண்டையாக நூற்றுக்கணக்கில் கிடந்தன. சிலவற்றில் முள், சிலவற்றில் வலைபோல் கோடு, மூன்று கீற்றுப் போட்ட கொட்டை மாதிரி சில. அழகாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாம் அமுங்கி, பிளந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தன.

அவர் சொன்னதன் சாரம் இது. அது மகரந்தம். தேனீ பூத்தூளைத் தேனில் பிசைந்து அடையில் சேர்த்து வைக்கும். குஞ்சுக்குப் பால் சுரக்க வேண்டிய தேனீக்கள் அதைத் தின்னும். தூளுக்குள் இருக்கும் சத்து மட்டும்தான் செரிக்கும், மேல்தோலை எந்த வயிறும் கரைக்காது. வெறும் தோல் அப்படியே வெளியே வரும். மலைத்தேனீ இருக்கிறதே, அது கூட்டை அசுத்தம் செய்யாது. நாளில் ஒரு நேரம் கூட்டமாகக் கிளம்பி உயரத்தில் பறந்து கழித்துவிட்டுத் திரும்பும். அந்த உயரத்தில் கண்ணுக்குத் தெரியாது.

என் புறங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் விழுகிறது?" என்று கேட்டார்.

"ஐந்து நிமிஷம். தினமும்."

"அப்படியென்றால் ஒரு கூடு இல்லை, பல கூடுகள். உங்கள் தங்கை வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது?"

பூட்டிய வீடு என்றேன். பால்கனியில் கறுப்புத் திரை தொங்குகிறது, வேறொன்றும் இல்லை என்றேன்.

"திரை அசைந்ததா?"

"அசைந்தது."

"காற்று இருந்ததா?"

யோசித்தேன். நேற்று மத்தியானம் இலவ மரத்தில் ஒரு பூகூட ஆடவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்த வீட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

சாயங்காலம் செல்வராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போனது. சுவரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அவர் காதில் கைப்பிடியைக் கொடுத்தேன். கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். பிறகு திருப்பிக் கொடுத்து, "எல்லாச் செவுத்துலயும் இப்பிடித்தானே மச்சான் கேக்கும்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. பிடிவாதம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை முழுவதும் சாவிக்கு அலைந்தோம். கட்டடச் சங்கத்தின் செயலாளர் குல்கர்ணி ஓய்வுபெற்றவர். சாவி சொந்தக்காரரின் தம்பியிடம் கோத்ரூடில் இருந்தது. தன் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, வழியில் இரண்டு இடத்தில் டீயும் வாங்கிக் கொடுத்தார். பூட்டிய வீட்டைத் திறப்பதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்று தம்பிக்காரர் பிடித்த பிடியைத் தளர்த்தியதும் அவர்தான். உங்கள் தங்கை என்னிடமும் சத்தம் பற்றி வந்து சொன்னார், தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று அனுப்பிவிட்டேன் என்று திரும்பும்போது சொன்னார். வண்டி ஓட்டிக்கொண்டு சொன்னதால் அவர் முகத்தை நான் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷிண்டே அம்மாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். புனேப் பெண்கள் வண்டி ஓட்டும்போது கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றிக்கொள்கிறார்கள். அதை அவிழ்த்துவிட்டு, தேனீக்காரர்களின் வலைத் தொப்பியை மாட்டிக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். மற்றவர்களைப் படிக்கட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

முதலில் வந்தது வாசனை. தேன், மெழுகு, அதோடு புளித்த மாவு. கூடத்தில் சோபாவையும் மேசையையும் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அந்தத் துணியெல்லாம் வெளுத்த மஞ்சளாகியிருந்தது. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடுவே தரை வரைக்கும் கண்ணாடிக் கதவு. அதன் அடி இடுக்கு வழியாக உள்ளே சிதறிக் கிடந்த மகரந்த உருண்டைகள், ராகியும் சாமையும் கம்பும் கொட்டிவிட்டது போல, மஞ்சள், காவி, கருநீலம், சாம்பல் என்று பல நிறம். அவற்றுக்குள் ஏதோ நெளிந்தது. மெழுகுப் பூச்சியின் புழு என்றார் அம்மாள். சிறு வண்டுகள் இருந்தன. எறும்பு வரிசை ஒவ்வொரு தூளாகச் சுமந்து போனது. சோபாவுக்கு அடியில் ஒரு சுண்டெலி இரண்டு கையாலும் ஓர் உருண்டையைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தும் நகரவில்லை. வாயெல்லாம் மஞ்சள்.

"இந்த வீட்டில் ஆளில்லை என்று யார் சொன்னது?" என்றார் ஷிண்டே அம்மாள் மெதுவாக.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரை தொங்கியது. ஏழு திரைகள். ஒவ்வொன்றும் கயிற்றுக் கட்டில் அளவு, பால்கனிக் கூரையிலிருந்து வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். முதல் திரையின் ஒரு மூலையிலிருந்து அலை ஒன்று கிளம்பி, பளபளவென்று குறுக்கே ஓடி மறுமூலையில் மறைந்தது. பிறகு இன்னொன்று. ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒரே விநாடியில் வயிற்றைத் தூக்கிக் காட்டுகின்றன, இது எச்சரிக்கை, அசையாதீர்கள் என்றார் அம்மாள். நான் நின்றேன். அவையும் நின்றன. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது, அதிர்ந்தது. பால்கனித் தரையின் மூலையில் மழைநீர்க் குழாயின் வாய் திறந்திருந்தது. அந்தக் குழாய் சுமதியின் படுக்கையறைச் சுவருக்குள்தான் இறங்குகிறது.

அவளைக் கூப்பிட்டேன். வாசற்படியைத் தாண்டி வந்து, கண்ணாடியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப நாளாகக் கடிதத்தில் மட்டுமே தெரிந்த ஒருவரை நேரில் பார்ப்பது போல, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். குல்கர்ணி வாசலில் நின்றபடி, நாளைக்கே மருந்து அடிக்கும் ஆளை வரவழைக்கிறேன் என்று மராத்தியில் சொன்னது கேட்டது. வெயில் ஏறினால் இரண்டு வாரத்தில் தாமாகவே மலைப்பக்கம் போய்விடும், அதுவரை பொறுங்கள், மருந்தடித்தால் இவ்வளவும் கட்டடத்துக்குள் சிதறும் என்றார் ஷிண்டே அம்மாள். "போற வரைக்கும் இருக்கட்டும். எனக்கு இப்ப ஒண்ணும் பண்ணாது" என்று சுமதி இந்தியில் சொன்னாள். அதோடு முடிந்தது.

எல்லோரும் இறங்கிப் போன பிறகும் செல்வராஜ் மட்டும் அங்கேயே நின்றார். நான் கதவைப் பூட்டுவதற்காகக் காத்திருந்தேன். அவர் போய் கண்ணாடியில் கையை வைத்தார், எடுத்தார், தன் காதைப் பொத்தினார், மறுபடி கண்ணாடியில் வைத்தார்.

"இதுவும் அதே மாதிரிதான் இருக்குதுங்க மச்சான்."

"எது மாதிரிங்க மாப்ள?"

"என் காதுல கேக்கறது."

அந்த மஞ்சள் படிந்த சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னதை நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். ஐந்து வருடமாக அவர் காதில் ஓர் இரைச்சல் இருக்கிறது. பிரஸ் நின்ற பிறகும் நிற்காது. தூங்கப் போனால் அதிகமாகும். ஒருவரிடமும் சொன்னதில்லை. அவருடைய சித்தப்பா ஒருவர், காதில் சத்தம் கேட்கிறது என்று ஆரம்பித்து, கடைசியில் வீட்டை விட்டுப் போய்த் திரும்பாதவர். தனக்கும் அதுதான் ஆரம்பித்துவிட்டது என்று இவர் முடிவு செய்துகொண்டிருக்கிறார். தீபாவளி கழிந்து சுமதியும் சத்தம் கேட்கிறது என்றபோது, தன்னிடமிருந்து அவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்திருக்கிறார். தூரத்தில் இருந்தால் அவளாவது பிழைப்பாள் என்றுதான் எனக்குப் போன் செய்தாராம். சுமதியை டாக்டரிடம் கூட்டிப் போனபோது, அவள் சொல்வதைக் கேட்டு டாக்டர் என்ன சொல்கிறார் என்று தனக்காகவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அவ மாத்தரையில பாதிய நான்தான் முழுங்கினேன்" என்றார்.

இரண்டு நாளாக இந்த மனிதர்மேல் கோபமாக இருந்தவன் நான். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலை ஓடி அடங்கியது. எங்கள் பட்டறையிலும் ஒருவருக்கு இப்படி உண்டு, அவர் பேரன் பேத்தி எடுத்துவிட்டார் என்று சொன்னேன். அது உண்மைதான். அவர் நம்பினாரா என்று தெரியாது. படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

சுமதியிடம் அவரே சொன்னார். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. நானும் கீர்த்தனாவும் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்துச் சுமதி வெளியே வந்து, நேராக டிவியிடம் போய்ச் சத்தத்தைக் குறைத்தாள். வழக்கமாக அதைக் குறைத்தால் கத்துகிறவர், பின்னாலேயே வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். மூவரும் ஔந்திலேயே ஒரு காது டாக்டரிடம் போனோம். தலையில் ஒன்றை மாட்டி, மணிபோல் ஒலி விட்டு, கேட்கும்போது கையைத் தூக்கச் சொன்னார். கண்ணாடி அறைக்குள் செல்வராஜ் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்த நேரம் நீண்டுகொண்டே போனது. வெளியே சுமதி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிரஸ் இரைச்சலில் போன காது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் இந்தியில் சொன்னதைச் செல்வராஜ் மறுபடி சொல்லச் சொன்னார். டாக்டர் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாகவே ரயில் ஏறினேன். சுமதி வழிக்குப் போளி கட்டிக் கொடுத்திருந்தாள். சோலாப்பூர் வரைக்கும் ஜன்னலில் காய்ந்த வயல்கள் ஓடின. கண்ணை மூடினால் ஏழு திரைகள் தொங்கின.

மூன்று வாரம் கழித்து அவள் பட்டறைக்குப் போன் செய்தாள். முந்தாநாள் காலை பத்து மணிக்குத் தேனீக்கள் போய்விட்டனவாம். மொத்தக் கூட்டமும் புகை போலக் காலி மனைக்கு மேலே ஒருமுறை சுற்றிவிட்டு மேற்கே போனதாம். அப்புறம் படுக்கையறையில் போய் உட்கார்ந்து பார்த்தாளாம். ஒன்றுமே இல்லை. வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்ததில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லையாம்.

அன்று செல்வராஜ் வேலை முடிந்து வந்ததும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் காதோடு தன் காதை ஒட்டி வைத்துக்கொண்டாளாம்.

"ரொம்ப நேரம் வெச்சுப் பாத்தேங்ணா" என்றாள். "எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்."